மார்ச் 24-ல் நின்ற காலண்டர்

விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டாவுக்குப் பெயர்போன கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது 'ஊர்க்காவலன் துப்பறியும் நிலையம்'. மாடியேறி வருகிறவர்களில் பாதிப்பேர் எடுத்த எடுப்பில், "ரெண்டு செட்டு, சால்னா தனியா," என்பார்கள். மீதிப்பேர்தான் கேஸ்.

2021 செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரு காலை பத்தரை மணிக்கு வந்த பெண் பரோட்டா கேட்கவில்லை. கட்டைப்பையிலிருந்து ஒரு தினசரி காலண்டரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிறகு முகக்கவசத்தை இறக்கி மூச்சு வாங்கினாள்.

ரோஜா எட்டிப் பார்த்தாள். ரோஜாவுக்கு முப்பத்திரண்டு வயது. நிலையத்தின் ஒரே உதவியாளர். டைப் அடிப்பது, ஸ்கூட்டர் ஓட்டுவது, முதலாளி ஊர்க்காவலனுக்குத் தலை கனக்கும்போது வாயால் ஒரு தட்டுத் தட்டி இறக்கிவிடுவது, இந்த மூன்றும் அவள் வேலை. மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது. ஆசைக்குச் செய்துவந்தாள்.

"போன வருசத்துக் காலண்டரால்ல இருக்கு," என்றாள். "பழைய பேப்பர் கடை அடுத்த தெருவுலக்கா."

"விக்க வரல தாயி. இது பொய்க் காலண்டருன்னு ஒருத்தன் எழுதிப் போட்டுட்டான். நெசந்தான்னு இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள நான் காட்டணும்."

ஊர்க்காவலன் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். நாற்பத்தெட்டு வயது. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்காகப் பதினெட்டு வருடம் பொய்க் கேஸ்களைப் பிடித்துக்கொடுத்தவர். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்படுவார், தன் மூளையைத் தவிர.

"மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றார்.

அவள் பெயர் பொன்மணி. வெம்பக்கோட்டைப் பக்கம். தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள், கணவன் சுடலையும் தானுமாகச் சேர்ந்து இருபத்தொரு சீட் வேன் ஒன்றை வாங்கினாள். வருடத்தில் பதினொரு மாதம் அது பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும். தீபாவளி முடிந்ததும் ஆலைகளுக்கு ஒரு மாதம்போல லீவு. ஊர் உலகமெல்லாம் தீபாவளியோடு கொண்டாட்டத்தை முடித்துக்கொள்ளும்போதுதான் இந்தப் பக்கத்துச் சனம் கைகால் கழுவி, போனஸை முடிந்துகொண்டு வெளியே கிளம்பும். அந்த ஒரு மாதமும் பொன்மணியின் வேன் 'பொன்மணி டூர்ஸ்' ஆகிவிடும். குற்றாலம், திருச்செந்தூர், கன்னியாகுமரி. அது தவிர ஆடி வெள்ளிக்கு மட்டும் இருக்கன்குடி. எலுமிச்சம்பழச் சாதம் அவளே கிண்டிக் கொண்டுவருவாள்.

"அஞ்சு வருசம் ஓட்டுனேன்," என்றாள். "பெறகு கொரோனா வந்துச்சு. ஒன்றரை வருசமா வேன் வேப்பமரத்தடியில நிக்குது. டயரு போச்சு, எஃப்சி முடிஞ்சு போச்சு. இப்பம் கவுருமெண்டுல, கொரோனாவுல முடங்குன சுற்றுலாத் தொழிலுக்கு ஒதவி குடுக்காக. அதுக்கு எழுதிப் போட்டேன். வந்துச்சுன்னா தீபாவளி கழிச்சு வேன் குற்றாலம் போகும்."

"வராட்டி?"

"அட்டைப்பெட்டி லோடு அடிக்க ஒருத்தர் வேனக் கேட்டுக்கிட்டே இருக்காரு. நாளைக்கு வரச் சொல்லியிருக்கு. சீட்டு இருபத்தொன்னையும் கழட்டிருவாக." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது.

உதவிக்கு ஒரு நிபந்தனை உண்டு. 2020 மார்ச்சுக்கு முன்பே சுற்றுலாத் தொழில் செய்ததற்கு, அச்சடித்த நோட்டீஸோ முத்திரை போட்ட காகிதமோ ஏதாவது ஒரு ஆதாரம் காட்ட வேண்டும். வேனின் பெர்மிட் செல்லாதாம். அது ஆலைக்கு ஆள் ஏற்றவும் செல்லும், அருவிக்கு ஆள் ஏற்றவும் செல்லும். எதற்கு ஓட்டினாள் என்று அதில் எழுதியிருக்காது.

"வந்த ஆளுக சாட்சி சொல்ல மாட்டாகளா?" என்று கேட்டார் ஊர்க்காவலன்.

"நூறு பேரு வருவாக. பயணிகள் வாய்ச்சொல்லு செல்லாதுன்னுட்டாரு ஆபீசரு."

"போட்டோ?"

"எல்லாம் போனுல இருந்துச்சு. போனு மெயின் அருவிக்குள்ள போயிருச்சு."

"அருவியிலயும் முத்திரை போட்டுத் தர மாட்டாங்களே," என்றாள் ரோஜா.

அப்போதுதான் கொழுந்தன் பாண்டிமுருகன் கைகொடுத்திருக்கிறான். சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் வேலை. மதினி பெயரில் சாம்பிளுக்காக 2020 காலண்டர் ஒன்று முன்பே அடித்து, கம்பெனிச் சுவரில் மாட்டியிருந்ததாகச் சொல்லி, இதைக் கொண்டுவந்து கொடுத்தான். பொன்மணி அதை ஆபீசில் கொடுத்தாள். நான்காம் நாள் மொட்டை மனு ஒன்று வந்துவிட்டது. ஆபீசர் மனுவின் நகலையும் காலண்டரையும் அவளிடமே கொடுத்து, இன்று நாலு மணிக்குள் பதிலோடு வரச் சொல்லிவிட்டார்.

ஊர்க்காவலன் காலண்டரைக் கையில் எடுத்தார். மயில்மேல் முருகன். கீழே சிவப்பு எழுத்தில் 'பொன்மணி டூர்ஸ்'. தாள்கட்டு மார்ச் 24 வரை கிழிக்கப்பட்டு, அந்தத் தேதியோடு நின்றிருந்தது.

"பாத்தியா ரோஜா? மார்ச் இருபத்தி நாலு. அன்னைக்கு ஊரடங்கு. கம்பெனியப் பூட்டிட்டாக. அதுக்கப்பறம் கிழிக்க ஆளில்ல. அந்த நாள் அப்படியே உறைஞ்சு நிக்கி. இதப் போயி போலிங்கான்."

"நல்லாத்தான் நிக்கி," என்றாள் ரோஜா. அவள் பார்த்தது தேதியை அல்ல. அட்டையின் கீழ் ஓரத்தில், மயில் தோகைக்கு அடியில் எறும்பு அளவுக்கு ஒரு எண் இருந்தது: 614. இந்த வேலைக்கு வருமுன் நாலு வருடம் சிவகாசியில் அதே கம்பெனியில் காலண்டரின் மேல்விளிம்புக்குத் தகரம் அடித்தவள் அவள். "அண்ணே, ஸ்கூட்டர எடுக்கேன். கம்பெனி வரைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம்."

"நானே அதத்தான் சொல்ல வந்தேன்," என்றார் ஊர்க்காவலன்.

"தெரியும்ணே. நான் முந்திக்கிட்டேன்."

பொன்மணியை மூன்றரை மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு வரச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

*

தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. சிவகாசி ரோட்டில் லாரிக்கு லாரி முட்டிக்கொண்டு நின்றது. ஊர்க்காவலன் பின்சீட்டில் காலண்டரை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்ததால், முருகனைப் பார்த்த இரண்டு பேர் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தன்னைத்தான் கும்பிடுகிறார்கள் என்று அவர் ஒருவருக்குப் பதில் வணக்கம் வைத்தார்.

காலண்டர் கம்பெனியில் 2022 வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சிவகாசியில் புத்தாண்டு ஜனவரியில் பிறப்பதில்லை. ஆடிப்பதினெட்டு அன்று பூஜை போட்டுப் புது டிசைன் ஆல்பத்தை வெளியிடுவார்கள். அன்றைக்கே அடுத்த வருடம் பிறந்தாகிவிட்டது. தரையெல்லாம் அடுத்த வருட ஏகாதசிகளும் அமாவாசைகளும் அடுக்கடுக்காகக் கிடந்தன.

ஆர்டர் பார்க்கும் அறையில் இருந்த ஐஸ்வர்யா முதலாளியின் மகள். ரோஜாவைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"ரோஜாக்கா, நல்லா இருக்கீகளா? திரும்ப வேலைக்கு வாரீகளா?"

"இந்த வேல கெடக்கட்டும். எனக்கு 2020 ஆல்பம் ஒன்னு வேணும். 614-ஆம் நம்பரு டிசைனப் பாக்கணும்."

ஐஸ்வர்யா பீரோவிலிருந்து தடித்த ஆல்பம் ஒன்றை எடுத்துப் புரட்டினாள். புரட்டிக்கொண்டே போனவள் கடைசிப் பக்கத்தில் நின்றாள்.

"2020 ஆல்பம் 580-ஓட முடிஞ்சு போச்சேக்கா. 614 எப்படி வரும்?"

ஊர்க்காவலன் காலண்டரை நீட்டினார். அவள் அட்டையைப் பார்த்ததுமே சிரித்துவிட்டாள்.

"இந்த முருகனா? இவரு இந்த வருசம் ஆடிப்பதினெட்டுக்கு வந்தவரு. இந்த டிசைன வரைஞ்சே ஆறு மாசந்தான் ஆகுது. இவர வச்சு 2020-ல காலண்டர் போட்டிருக்கவே முடியாது சார். தாள்கட்டு மட்டும் பழசு. விக்காத கட்டு குடோன்ல கெடக்கும், அதுல ஒன்ன எடுத்துக் கோத்திருக்காக."

ஊர்க்காவலன் காலண்டரைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் வேறு செய்தி இருக்குமோ என்பதுபோல.

"உறைஞ்சு நிக்கின்னீகளேண்ணே," என்றாள் ரோஜா மெதுவாக. "இப்பந்தான் ஃபிரிட்ஜுல வச்சிருக்காக போல."

மொட்டை மனு போட்டவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். அது எப்படி அவனுக்குத் தெரிந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. ரோஜா கேட்டாள்: "இந்த 614-அ டிராவல்ஸ்காரக யாராச்சும் புக் பண்ணியிருக்காகளா?"

"ஒரே ஒருத்தர். சாத்தூர் தங்கச்சாமி டிராவல்ஸ். மூனு பஸ் வச்சிருக்காருல்ல, அவரு. போன மாசமே சாம்பிள் அட்டை வாங்கிட்டுப் போனாரு. 'இந்த முருகன வேற யாருக்கும் குடுத்துறாதீக'ன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

தங்கச்சாமியும் அதே உதவிக்கு விண்ணப்பித்திருப்பார். ஆபீசரின் மேஜையில் தன் முருகன் வேறொருத்தியின் பெயரோடு, அதுவும் 2020 தாளோடு கிடப்பதைப் பார்த்திருப்பார். பார்த்த மனிதருக்கு அன்றிரவு தூக்கம் பிடித்திருக்காது.

கதவருகில் தாள்கட்டுகளைச் சுமந்து வந்த ஒருவன் காலண்டரைப் பார்த்தான். பார்த்த கையோடு திரும்பி நடக்கத் தொடங்கினான்.

"ஏலே பாண்டிமுருகா," என்றாள் ரோஜா. "வந்த வழியப் பாக்காத. இங்கன வா."

பாண்டிமுருகன் வந்தான். நாற்பது வயது ஆள், தாள்கட்டுகளை இன்னும் இறக்கிவைக்கவில்லை. யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே கொட்டிவிட்டான்.

"மதினி அழுதாகக்கா. அதுவரைக்கும் அவுக அழுது நான் பாத்ததில்ல. அஞ்சு வருசம் வேன் ஓட்டுனது பொய்யா? இல்லல்ல? நெசமா நடந்ததுக்கு ஒரு காகிதம் இல்ல, அம்புட்டுத்தான. காகிதந்தான இல்ல, அடிச்சுக்கிட்டாப் போச்சுன்னு நெனச்சேன்."

அதில் ஊருக்குரிய நியாயம் இருந்தது. இல்லாததை அச்சடித்துக்கொள்வது சிவகாசிக்காரனுக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி. ரோஜாவுக்குச் சிரிப்பு ஒரு பக்கமும் பாவம் ஒரு பக்கமுமாக வந்தது.

"சரிலே, அடிச்சதுதான் அடிச்ச. பழைய ஆல்பத்துல இருக்குற டிசைனா எடுத்திருக்கலாம்ல?"

பாண்டிமுருகன் அடிபட்ட முகத்தோடு அவளைப் பார்த்தான். "அதெல்லாம் மங்குன கலருக்கா. மதினிக்குப் போயி பழச எடுக்கவா? இருக்குறதுலயே நல்ல முருகனாப் பாத்து எடுத்தேன்."

பதினெட்டு வருட அனுபவத்தில் எத்தனையோ போலிகளைப் பார்த்த ஊர்க்காவலன், மதினிக்கு மரியாதை செய்வதற்காக மாட்டிக்கொண்ட போலியை அன்றுதான் பார்த்தார். "மார்ச் இருபத்தி நாலு வரைக்கும் கிழிச்சியே, அது யாரு யோசன?" என்று மட்டும் கேட்டார்.

"நாந்தான் சார்."

"நல்ல யோசன," என்றார். அதில் தானும் ஏமாந்ததை அவரால் இன்னும் விழுங்க முடியவில்லை.

*

கலெக்டர் ஆபீஸ் வாசலில் புங்கமரத்தடியில் பொன்மணி நின்றிருந்தாள். மணி மூன்று இருபது. சொல்லவேண்டிய வேலை ரோஜாவின் தலையில் விழுந்தது. எப்படிச் சொன்னாலும் வலிக்கும் என்பதால் நேராகச் சொன்னாள்.

பொன்மணி கடைசிவரை கேட்டாள். கொழுந்தனைத் திட்டுவாள் என்று ரோஜா எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை.

"இந்த நம்பரு சமாச்சாரமெல்லாம் ஆபீசருக்குத் தெரியாதுக்கா," என்றாள் ரோஜா. தான் சொல்வது சரியில்லை என்று தெரிந்தேதான் சொன்னாள். "மொட்டை மனுவுலயும் போலின்னு மட்டுந்தான் இருக்கு. எப்படிப் போலின்னு எழுதல. நாம பேசாம இருந்தா..."

"இருந்தா குத்தவாளிக் கூண்டுல நிக்கிற மாதிரி காலமெல்லாம் நிக்கணும்," என்றாள் பொன்மணி. காலண்டரை வாங்கிக் கட்டைப்பைக்குள் வைத்தாள். "கைப்பிள்ளைக்காரி, கிழவி எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போயி அஞ்சு வருசத்துல ஒருத்தரக்கூடத் தொலைக்காமக் கொண்டாந்து எறக்கியிருக்கேன். நெசமா ஓடுன வேனுக்கு எதுக்குத் தாயி பொய்க் காலண்டரு? நானே சொல்லிருதேன். போறது போகட்டும்."

ரோஜாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. உள்ளே போய் உண்மையைச் சொன்னால் வேன் நாளைக்கு அட்டைப்பெட்டி சுமக்கும். சொல்லாவிட்டால் இவள் நாளைக்கு இவளாக இருக்கமாட்டாள்.

ஊர்க்காவலன் இருவரையும் கவனிக்கவில்லை. மனுவின் நகலைப் பத்தாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

*மேற்படி பொன்மணி என்பவர் சுற்றுலாத் தொழில் ஏதும் செய்தவர் அல்லர். ஆலைக்கு ஆள் ஏற்றும் வேன் வைத்திருந்தவர். அவர் அளித்துள்ள காலண்டர் போலியானது. இப்படிக்கு, பொதுநலம் விரும்பி.*

"ரோஜா, மேல இடது மூலையப் பாரு. என்ன போட்டிருக்கு?"

"எண் 143."

"பேரே போடாத ஆளு, எதுக்கு நம்பர் போடணும்?" கேட்டுவிட்டுப் பொன்மணி பக்கம் திரும்பினார். முகத்தில் அன்றைய முதல் வெளிச்சம் வந்திருந்தது. "அம்மா, டூருக்கு எங்கன வச்சு ஆளேத்துவீக?"

"சாத்தூர்ல. தங்கச்சாமி அண்ணாச்சி ஆபீஸ் வாசல்ல. அங்கனதான் நெழலு."

"மைக் வச்சுக் கூப்பிடுவீகளா?"

"சின்னதா ஒன்னு உண்டு. 'குற்றாலம் குற்றாலம்'னு எங்க வீட்டுக்காரரு கூப்பிடுவாரு."

"அண்ணாச்சி சண்டைக்கு வருவாரா?"

"வாயால வரமாட்டாரு. சன்னல் வழியாப் பாத்து என்னத்தையோ எழுதிக்கிட்டே இருப்பாரு."

ஊர்க்காவலன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ரோஜா, உள்ள நான் அந்த மனுசனக் கொஞ்சம் கேவலமாப் பேசுவேன். நீ பக்கத்துல நின்னு சிரிக்கணும். வேற ஒன்னும் வேண்டாம்."

"சிரிப்பு எனக்குச் சும்மாவே வரும்ணே. ஒங்களப் பாத்தாலே போதும்."

*

சுற்றுலாப் பிரிவு அதிகாரி ரத்தினசாமி விதிகளை மதிக்கிறவர். மின்விசிறி காற்றில் காகிதம் பறந்தாலும், அது தன் வரிசைப்படி பறக்க வேண்டும் என்று நினைக்கிற ரகம். அறையில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, மடியில் தலையணை தடிமனுக்கு ஒரு ஃபைல். தன் விண்ணப்பத்தைச் சரிபார்க்க வந்திருந்த தங்கச்சாமி. பொன்மணியைப் பார்த்ததும் அவர் ஜன்னலைப் பார்த்தார்.

பொன்மணி உட்காரவில்லை. காலண்டரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"சார், இத நான் வாபஸ் வாங்கிக்கிடுதேன். இது என் கொழுந்தன் இந்த மாசம் செஞ்சது. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். ஆனா டூர் ஓட்டுனது நெசம்."

ரத்தினசாமி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா சொன்னதால இத நான் ஃபைல்ல சேக்கல. ஆனா அப்ப மனுவுல இருக்குறது சரிதானம்மா. ஒங்ககிட்ட வேற ஆதாரமும் இல்ல."

தங்கச்சாமி கூரையைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தார். பொன்மணி கட்டைப்பையின் காதை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

ஊர்க்காவலன் தொண்டையைச் செருமினார். "சார், ஒரு விசயம். இந்த மனுவ எழுதுனவரு 'பொதுநலம் விரும்பி'ன்னு போட்டிருக்காரு. பொதுநலமெல்லாம் ஒன்னுமில்ல. ஒதவி குடுக்காகன்னதும் இந்த மாசம் திடீர்னு மொளச்ச அக்கற. இதுக்கு முந்தி எந்த நல்ல காரியத்துக்கும் ஒரு வரி எழுதியிருக்க மாட்டாரு."

ரோஜா சிரித்தாள். தங்கச்சாமியின் கழுத்து மெல்லத் திரும்பியது.

"அதவிடப் பெரிய கூத்து, மேல நம்பர் போட்டிருக்காரு, நூத்தி நாப்பத்தி மூணாம். கேக்குறவன் கேனையா இருந்தா என்ன வேணாலும் போடலாம். இந்த ஆளு வாழ்க்கையில எழுதுன மொத மனுவே இதாத்தான் இருக்கும்."

ரோஜா இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாள்.

"யாருய்யா சொன்னது?" தங்கச்சாமி எழுந்துவிட்டார். "பதினோரு வருசமா எழுதுதேன். தெருவிளக்குக்கு எழுதியிருக்கேன், வாறுகால் அடைப்புக்கு எழுதியிருக்கேன், நாய்த்தொல்லைக்கு மட்டும் ஒம்பது எழுதியிருக்கேன். நூத்தி நாப்பத்தி மூணும் முத்திரை போட்ட நகலோட இங்கன இருக்கு." ஃபைலை மேஜைமேல் போட்டார். மேஜை அதிர்ந்தது.

மொட்டை மனு யாருடையது என்ற கேள்வி அத்தோடு தீர்ந்துபோனது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"நாய்க்கு எழுதுனது சரி அண்ணாச்சி," என்றார் ஊர்க்காவலன் பரிதாபமாக. "இந்தம்மாவ இன்னைக்குத்தான ஒங்களுக்குத் தெரியும்? முந்தியே தெரிஞ்சிருந்தா அப்பமே எழுதியிருக்க மாட்டீகளா?"

"எழுதாம விட்டுருவனா? மனு எண் தொண்ணூத்தேழு." விரலை எச்சில் தொட்டுப் புரட்டி, ஒரு தாளை உருவினார். "2019 நவம்பர் இருபத்தஞ்சு, திங்கக்கிழம, கலெக்டர் குறைதீர்க்கும் நாளு. இந்தா முத்திரை. கேளுங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேடையில் நிற்பவர்போலப் படிக்கத் தொடங்கினார். "'மேற்படி பொன்மணி என்பவர் தமது வேனில் பொதுமக்களைக் குற்றாலம், திருச்செந்தூர் ஆகிய இடங்களுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் தொழிலை மூன்றாண்டுகளுக்கும் மேலாகச் செய்து வருவதோடு, எனது அலுவலக வாசலில் ஒலிபெருக்கி வைத்து...'"

குரல் மெதுவானது. பிறகு நின்றது.

ரத்தினசாமி கையை நீட்டினார். தங்கச்சாமி தாளைக் கொடுக்க மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அதிகாரி அதை மெல்ல இழுத்து வாங்கிக்கொண்டார்.

"தேதி இருக்கு. முத்திரை இருக்கு. மார்ச்சுக்கு முந்தினது," என்றார். "போட்டியா இருக்குற தொழில்காரரே எழுதிக் கொடுத்தது. இதவிட நல்ல ஆதாரம் என் சர்வீஸ்ல வந்ததில்ல."

பொன்மணிக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நம்பர் போட்டு மனு எழுதுற ஆளு நகல் வைக்காம இருக்க மாட்டாரு," என்று ரோஜாவின் காதில் கிசுகிசுத்தார் ஊர்க்காவலன். "வாசல்ல மைக் வச்சுக் கத்துற வேன, அப்படிப்பட்ட ஆளு சும்மா விட்டிருக்கவும் மாட்டாரு."

"இன்னைக்கு ஒரு நாளு ஒங்களத் திட்டலண்ணே," என்றாள் ரோஜா.

ரத்தினசாமி இன்னும் படித்துக்கொண்டிருந்தார். அவர் புருவம் சுருங்கியது. மேஜைமேல் இருந்த இன்னொரு விண்ணப்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தங்கச்சாமி சார், இதுல கடைசிப் பாரா: 'இதனால் எனது மூன்று பஸ்களும் இந்த சீசன் முழுவதும் ஷெட்டை விட்டு நகரவில்லை.' ஒங்க விண்ணப்பத்துல, அதே சீசன்ல மூனு பஸ்ஸும் சுற்றுலாவுக்கு ஓடுச்சுன்னு இருக்கு. எது சரி?"

தங்கச்சாமியின் கஞ்சிச் சட்டை சட்டென்று தளர்ந்ததுபோல இருந்தது. அவருக்கும் ஒன்றரை வருடமாகப் பஸ்கள் ஓடவில்லை. ஷெட்டில் நின்ற மூன்றுக்கும் சேர்த்துத்தான் அவர் உதவி கேட்டு எழுதியிருந்தார்.

"மனு எழுதும்போது... கொஞ்சம் அழுத்தமா இருக்கட்டும்னு..." என்றார்.

"அழுத்தத்த நான் எப்படிச் சரிபாக்க?" ரத்தினசாமி யோசித்தார். பிறகு பொன்மணி பக்கம் திரும்பினார். "பயணிகள் சொன்னா செல்லாது. அதே தொழில்ல இருக்குறவங்க எழுதிக் கொடுத்தா விதியில இடம் இருக்கு. நீங்க அங்கயே வாசல்ல நின்னவங்க. அந்த சீசன்ல இவர் பஸ் ஓடுச்சாம்மா?"

அறையில் எல்லோரும் பொன்மணியைப் பார்த்தார்கள். மனுவில் தொழிலே செய்யாதவள் என்று எழுதப்பட்டவள், இப்போது தொழில்காரியாகச் சாட்சி சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை போதும். 'ஓடலை' என்று சொல்லட்டும் என்று ரோஜா மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். அவளுக்குத் தங்கச்சாமிமேல் அவ்வளவு ஆத்திரம்.

பொன்மணி தங்கச்சாமியைப் பார்க்கவில்லை. நினைவுபடுத்திக்கொள்வதுபோல மேஜையைப் பார்த்தாள்.

"ரெண்டு ஓடுச்சு சார். எனக்கு இருபத்தோரு சீட்டுதான. வேன் நெறைஞ்சதும் மிச்ச ஆளுகள நான்தான் அண்ணாச்சி பஸ்ஸுக்குப் போகச் சொல்லுவேன். மூணாவது பஸ் மட்டும் நெசமாவே நகரல. அதுக்குக் கிளட்சு போயிருந்துச்சு."

ரத்தினசாமி தங்கச்சாமியைப் பார்த்தார். தங்கச்சாமி தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்ப ரெண்டு பஸ்னு திருத்திக்கிடலாம். அம்மா, நீங்க அத எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

பொன்மணி மேஜையில் பேனா தேடினாள். தங்கச்சாமி தன் பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினார். அவள் மெதுவாக எழுதினாள். லேபிள் ஒட்டிப் பழகிய விரல்கள், எழுத்து கோணாமல் வந்தது. கடைசியில் பெயர் போட்டு, அதன் கீழே 'உரிமையாளர், பொன்மணி டூர்ஸ்' என்று எழுதி ஒரு கோடு கிழித்தாள். ரத்தினசாமி அவளுடைய விண்ணப்பத்தில் பச்சை மையால் கையெழுத்திட்டு, ஒப்புதல் தட்டில் வைத்தார்.

வராந்தாவில் வெயில் சாய்ந்திருந்தது. பொன்மணி சுடலைக்குப் போன் போட்டு, நாளைக்கு வருகிற ஆளை வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். பிறகு போனை ரோஜாவிடம் கொடுத்துவிட்டாள். "ஆமாண்ணே, சீட்டுல கைய வச்சா ஒங்க வீட்டம்மா கைய முறிச்சிருவாக," என்று மீதியை ரோஜா சொல்லி முடித்தாள்.

தங்கச்சாமி ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாலடி தள்ளி நின்றார். போவதா நிற்பதா என்று தெரியாத நிலை. கடைசியில் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"தீபாவளி கழிச்சு... ஆளுக மிச்சம் விழுமா?"

"ரெண்டு வருசமா எங்கயும் போகாத சனம்," என்றாள் பொன்மணி. "எக்கச்சக்கமா விழும். மொதல்ல அந்தக் கிளட்ச மாத்துங்க அண்ணாச்சி."